உபயம்: மின்சார விளக்கு ஒன்று

எங்கள் கோயிலில் பழைய தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போட்டார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ரங்கூன் மழையில் அந்தப் பளிங்குப் பலகைகள் வழுக்கித் தள்ளின. ஆடி மாதம் கூழ் வாங்க வந்த ஒரு பாட்டி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். பெயர்த்த பலகைகளை மடப்பள்ளிக்குப் பின்னால், தேங்காய் மட்டைக் குவியலை ஒட்டி அடுக்கி வைத்தார்கள். அடுக்கில் நிற்காத உடைந்த துண்டு ஒன்று குழாயடியில் மிதிகல்லாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து கால் கழுவப் போனபோது என் பெருவிரல் அதில் ஒரு பள்ளத்தைத் தடவியது. குனிந்து பார்த்தால் எழுத்து.

பாசியைத் தேய்த்தும் சரியாகத் தெரியவில்லை. மடப்பள்ளி அடுப்பிலிருந்து ஒரு பிடி கரியை எடுத்து, பொடித்துத் தூவி, ஈரத்துணியால் ஒரே ஒருமுறை துடைத்தேன். பளிங்கு வெளுத்தது, எழுத்தின் பள்ளங்களில் மட்டும் கரி தங்கியது. ஐந்து வரிகள். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். முதல் வரியில் இருந்த ௵ என்ற குறியைப் பார்த்து ஒருவன் கேட்டான், "சயா, இது பர்மிய எழுத்தா?" இங்கே வாத்தியாரைச் சயா என்பார்கள், எங்கள் பிள்ளைகளுக்கும் நான் சயாதான். அது வருடத்தைக் குறிக்கும் தமிழ்க் குறி என்றேன். அடுத்து வந்த ௴ மாதம். யாருக்கும் அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை.

படிக்க முடிந்தது இவ்வளவு: பிரஜோற்பத்தி வருடம், தை மாதம். மொகல் தெருக் கிட்டங்கி, அதாவது செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கட்டடம். தேவகோட்டை. பிறகு பெயர் வரவேண்டிய இடத்தில் கல் உடைந்து, நடுவில் 'ப்ப' என்ற இரண்டு எழுத்து மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அழகப்பனா, மெய்யப்பனா, பழனியப்பனா, கருப்பனா? தேவகோட்டைப் பக்கம் தெருவில் நின்று 'அப்பன்' என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பும். கடைசி வரி உடைந்திருந்தாலும் 'விளக்கு', 'உபயம்' இரண்டும் தெளிவு.

கோயில் கணக்கர் ஐயாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவரிடம் சொன்னதும் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அறுபது வருடச் சுற்றில் பிரஜோற்பத்தி ஐந்தாவது. "தம்பி, 1871-இல் வந்தது பிரஜோற்பத்திதானே?" என்றார். ஆமாம். அனவ்ரதா சாலைக் காளி கோயிலை 1871-இல் கட்டியதாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கோயிலும் நம் கோயிலும் ஒரே வயது! அன்று மாலைக்குள் இந்தச் செய்தி மூன்று தெரு தாண்டிப் போய்விட்டது.

எனக்கோ அந்தக் கடைசி வரி உறுத்தியது. மறுநாள் காலை மீண்டும் கரி தூவிப் பார்த்தேன். 'விளக்கு' என்பதற்கு முன்னால் பாதி தேய்ந்த ஒரு சொல். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினால் 'எலெக்டிரிக்'. எடிசனின் விளக்கு எரிந்ததே 1879-இல். ரங்கூனில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1906-இல். ஆக இது அடுத்த சுற்றுப் பிரஜோற்பத்தி. 1931 சித்திரையில் பிறந்த வருடம், அதன் தை மாதம் என்றால் 1932 ஜனவரி. கணக்கர் ஐயாவிடம் சொன்னபோது, அறுபது வயதை நான் அவர் கோயிலிடமிருந்து திருடிவிட்டதைப் போல என்னைப் பார்த்தார். மூன்று தெரு தாண்டிப் போன செய்தி மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.

இந்த ஊரில் இப்படிக் கல்லைத் துடைத்துப் படிப்பதற்கும் ஒரு சங்கம் இருந்தது. பர்மா ஆராய்ச்சிக் கழகம். 1910 மார்ச் 29 அன்று, ரங்கூன் பெர்னார்ட் இலவச நூலகத்தில் கூடிய கூட்டத்தில் அது பிறந்தது. முன்னின்று நடத்தியவர் ஜே. எஸ். பர்னிவால் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. ஆள வந்த இடத்தின் மொழியைக் கற்று, பர்மியப் பெண்ணை மணந்து, கடைசியில் ஆட்சியையே கேள்வி கேட்கத் தொடங்கியவர். அவரைப் போன்ற வெள்ளைக்காரர்களும், மே அவுங் போன்ற பர்மிய வழக்கறிஞர்களும், பிறகு பே மவுங் டின் போன்ற பேராசிரியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்து ரங்கூனில் அது சாதாரண விஷயமில்லை. 1911 முதல் சொந்த ஆய்விதழ். போர் வந்து எல்லாவற்றையும் குலைத்த பிறகும் மீண்டும் எழுந்து, மொத்தம் 59 தொகுதிகள் வந்தன. 1980-இல் கழகமும் இதழும் முடிவுக்கு வந்தன.

கழகத்தாரின் பெரிய உழைப்பு கல்வெட்டில்தான். கார்டன் லூஸ் என்ற ஆங்கிலேயரும் பே மவுங் டின்னும் அதற்குத் தூண்கள். பே மவுங் டின்னின் தங்கையைத்தான் லூஸ் மணந்திருந்தார். பழைய தலைநகரான பகானிலும் சுற்று வட்டாரத்திலும் கிடந்த கற்களின் மேல் தாளை ஒட்டிப் படி எடுத்து, பெரிய பெரிய அட்டைகளில் அச்சிட்டார்கள். முதல் தொகுப்பு 1933-இல் வந்தது, கடைசித் தொகுப்பு 1956-இல். அரசன் கொடுத்த நிலம், ராணி விடுவித்த அடிமைகள், விகாரைக்குக் கொடுத்த பசுமாடு, செங்கல்லுக்குக் கொடுத்த கூலி எல்லாம் அதில் வரும். பர்மிய வரலாற்றின் முதுகெலும்பு என்பதே இந்த உபயக் கணக்குத்தான்.

படித்த காலத்தில் பழைய நூலகம் ஒன்றில் அந்த ஆய்விதழின் தொகுதிகளைப் புரட்டியிருக்கிறேன். பியூ, மொன், ஷான், அரக்கான், போர்த்துக்கீசியக் கூலிப்படைத் தலைவர்கள் என்று என்னென்னவோ இருந்தன. எங்களைத் தேடினேன். நான் புரட்டிய அளவில், ரங்கூன் தமிழனைப் பற்றி ஒரு கட்டுரையும் கண்ணில் படவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கழகத்தின் பொற்காலத்தில் இந்த ஊர் முக்கால்வாசி எங்கள் ஊர்போல இருந்தது. மிகைதான். ஆனால் பெரிய மிகையில்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கில் ரங்கூனில் இருந்தவர்கள் 4 லட்சம். அதில் இந்தியாவிலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் 2 லட்சத்துக்கு மேல். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தெலுங்கர், காவலுக்கு நின்ற பஞ்சாபியர், எழுத்தர் நாற்காலியில் வங்காளி, மொகல் தெருவில் வட்டிக்கணக்கு எழுதிய எங்கள் ஆட்கள். கழகம் கூடிய நூலகத்திலிருந்து பக்கத்துத் தெருவை எட்டிப் பார்த்தால் நாங்கள்தான் நடந்துகொண்டிருந்திருப்போம். எழுநூறு வருடத்துக்கு முந்தைய கல்லைப் படிக்கப் பகானுக்குப் போன கண்ணுக்கு, பக்கத்துத் தெருக் கல் தெரியவில்லை. நடமாடிக்கொண்டிருப்பவனின் கல்லை யார் படியெடுப்பார்கள்?

பர்னிவாலை மட்டும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து கொஞ்சம் விலக்க வேண்டும். பல இனத்தார் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தாலும் ஒன்றாகக் கலப்பதில்லை, சந்தையில் மட்டும்தான் சந்தித்துக்கொள்கிறார்கள் என்று பின்னாளில் எழுதியவர் அவர். அந்தக் கருத்தை இன்றும் உலகம் முழுக்கச் சமூகவியல் வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு மொகல் தெரு, அதாவது இன்றைய ஷ்வேபோந்தா தெரு, நினைவுக்கு வரும். எங்களைச் சந்தையாகப் பார்த்தவர். சரியாகத்தான் பார்த்தார் என்பதில்தான் வருத்தம்.

ஏனென்றால் 1932 ஜனவரி சும்மா ஒரு மாதமில்லை. உலக மந்தத்தில் நெல் விலை சரிந்து கிடந்தது. வரியும் கடனும் கட்ட முடியாத விவசாயிகளைத் திரட்டிக் கிளர்ச்சி செய்த சயா சானை, அதற்கு இரண்டு மாதம் முன்பு, 1931 நவம்பரில்தான் தூக்கிலிட்டிருந்தார்கள். அப்போது பர்மா முழுக்க ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நகரத்தார் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1937-இல் 25 பங்கு. நிலம் வேண்டும் என்று யாரும் வந்து வாங்கியதில்லை, கடன் திரும்பாமல் ஈடு கைக்கு வந்தது என்பது எங்கள் தரப்பு. அது உண்மையும்கூட. ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அந்த வேறுபாடு என்ன சோறு போடும்? 'ப்ப' கொடுத்த விளக்கின் காசு எந்த வயலிலிருந்து வந்தது என்று ஒரு பர்மியர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கல்லைப் படிப்பது என்று இறங்கிவிட்டால் நமக்குப் பிடித்த வரியோடு நிறுத்திக்கொள்ள முடியாது.

சரி, கழகம் எங்களைப் பார்க்கவில்லை. நாங்கள் எங்களைப் பார்த்தோமா?

என் தாத்தா ஒரு கிட்டங்கியில் அடுத்தாள். அதாவது மேலாளுக்கு அடுத்த ஆள்; பெட்டியடிப் பையனாக வந்து உயர்ந்தவர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதும் ஊர் காலியாயிற்று. லட்சக்கணக்கானோர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே இந்தியா போனார்கள். வழியிலேயே செத்தவர்கள் பல ஆயிரம். இங்கே 'ஜோதி' என்ற தமிழ் இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் அப்படி நடந்தவர்தான். அந்த நடையை அவர் எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. தாத்தாவின் முதலாளி கிளம்பும்போது பேரேடுகளைத் தாத்தாவிடம் ஒப்படைத்து, திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். அவர் திரும்பவில்லை. பேரேடுகள் எங்கள் வீட்டுப் பரணில் ஏறின. சிவப்புத் துணி அட்டை போட்டவை, தலையணை கனம்.

1962-இல் ராணுவம் வந்தது. கடைகள் தேசியமயமாயின. 1964-இல் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கப்பல் கப்பலாக ஆட்கள் சென்னை போனார்கள். அந்தச் சில ஆண்டுகளில் போனவர்கள் 3 லட்சம் இருக்கும். தாத்தா போகவில்லை. போவதற்கு ஊரில் எதுவும் மிச்சமில்லை என்பது அவர் சொன்ன காரணம். பாட்டிக்குக் கடலைக் கண்டால் பயம் என்பது எங்களுக்குத் தெரிந்த காரணம். ஆனால் பாட்டிக்குக் கடலைவிடப் பேரேடுகளின் மேல் பயம் அதிகம். வட்டிக்கணக்கு வீட்டில் இருப்பது தெரிந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று, தாத்தா இறந்த மறுவருடம் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டாள். வீசைக் கணக்கில் விலை பேசினாள். (இந்தியாவில் வீசையைக் கிலோ விழுங்கி எத்தனையோ காலம் ஆயிற்று. இங்கே சந்தையில் மீனும் வெங்காயமும் இன்றும் வீசைதான். வீசை இந்த ஊரில் தங்கிவிட்டது.)

எனக்கு அப்போது பத்து வயது. தெருமுனைச் சமோசாக்காரரிடம் இரண்டு சமோசா வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் தாத்தாவின் கையெழுத்து. எண்ணெய் ஊறிய இடத்தில் தாள் கண்ணாடிபோல ஆகி, முன்பக்கத்து வரவும் பின்பக்கத்துப் பற்றும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. 'பியாப்போன் வசூல்' என்று ஒரு வரி. எதிரில் தமிழ் எண்களில் ஒரு தொகை. அந்தக் காலத்தில் எனக்குத் தமிழ் எண் படிக்கத் தெரியாது. சமோசாவைத் தின்றேன், விரலைத் தாளில் துடைத்தேன், தாளைச் சாக்கடையில் போட்டேன். பிறகு எத்தனையோ கல்வெட்டுகளைப் படித்துவிட்டேன். அந்த ஒரு தொகை எவ்வளவு என்று மட்டும் தெரியாது.

ஆகவே கழகத்தின் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதியை நானே எடுத்துக்கொள்கிறேன்.

பழைய காகிதத்துக்கு இங்கே இன்னொரு விலை இருக்கிறது. 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்களைப் போன்றவர்களிடம் கேட்பது ஒரு தேதியை: 1948 ஜனவரி 4. அந்த விடுதலை நாளுக்கு முன்பே உன் குடும்பம் இங்கே இருந்ததா, ஆதாரம் எங்கே? பல வீடுகளில் ஆதாரம் போரில் எரிந்தது, அல்லது எங்கள் வீட்டைப் போல வீசைக் கணக்கில் போனது. கழகத்தாருக்கு வரலாறு ஒரு மாலைநேரக் கூட்டம். எங்களுக்கு அது குடியுரிமை அட்டையின் நிறம்.

தரை பெயர்த்த செய்தி கேட்டு ஓர் இளைஞன் வந்தான். வீட்டில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பர்மியப் பெயர். எங்கள் எல்லோரையும் போலத்தான். அவனுடைய கொள்ளுத்தாத்தா இந்தக் கோயிலுக்கு ஒரு படிக்கட்டு உபயம் செய்ததாகப் பாட்டி சொல்லியிருக்கிறாளாம். அடுக்கியிருந்த பலகைகளை நானும் அவனும் ஒவ்வொன்றாகப் புரட்டினோம். பூரான் இரண்டு, தேள் ஒன்று. பதினேழாவது பலகையில் அந்தப் பெயர் இருந்தது, வருடமும் இருந்தது, ஆங்கில எண்ணில் 1926. அவன் அதைப் பார்த்தபடி நெடுநேரம் குந்தியிருந்தான். பிறகு கேட்டான், "இதைக் கொண்டுபோய்க் காட்டினால் ஒத்துக்கொள்வார்களா ஐயா?" படம் எடுத்துக்கொண்டு போனான். கல்லெல்லாம் வேண்டாம், தாள் இருந்தால் கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்களாம். அந்தப் பலகையை மட்டும் ஒரு சாக்கில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போக அனுமதி கேட்டான். தர்மகர்த்தா தலையசைத்தார்.

இந்த ஊரின் பழமையைக் காப்பதற்கு 2012 முதல் ஒரு மரபு அறக்கட்டளை இருக்கிறது. தொடங்கியவர் வரலாற்றாசிரியர் தந்த் மியிந்து-ஊ. தலைநகரை 2005-இல் நெப்பிடோவுக்கு மாற்றிய பிறகு காலியாகப் பாழடைந்து நின்ற அரசுக் கட்டடங்களை இடிக்காமல் வைக்கப் போராடினார்கள். முக்கியமான கட்டடங்களில் நீலப் பலகை பதித்தார்கள். நல்ல வேலை, அவசியமான வேலை. அவர்கள் இல்லையென்றால் பான்சோடான் தெருவில் இன்னும் எத்தனை தூண்கள் சரிந்திருக்குமோ. என் குறை சின்னது: கட்டடத்தைக் காப்பவர்கள் தலையை நிமிர்த்தித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வரலாறு தரையில் இருக்கிறது. அடியார் பாதம் படட்டும் என்று உபயதாரர்கள் பணிவோடு தங்கள் பெயரைத் தரையில் பதித்தார்கள். பாதம் பட்டுப் பட்டுப் பெயர் தேய்ந்தது. இந்தக் காலத்தில் டியூப் லைட்டின் மேலேயே பெயர் எழுதி வெளிச்சத்தை மறைக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

விளக்கு என்றதும் பகான் கல்லைச் சொல்லாமல் விட முடியாது. 13-ஆம் நூற்றாண்டுக் கல். ஒரு வடமொழிச் சுலோகம், பிறகு தமிழ். கழகம் பிறப்பதற்கு முன்பே, ஹுல்ட்சு என்ற ஜெர்மன் அறிஞர் அதைப் படித்து அச்சிட்டுவிட்டார். பகானை அந்தக் கல் 'புக்கம்' என்கிறது. அங்கே 'நானாதேசி விண்ணகர்' என்ற பெருமாள் கோயில். பல தேசத்து வணிகர்களின் கோயில் என்று பெயரே சொல்கிறது. மலைமண்டலத்து, அதாவது சேரநாட்டு, மகோதயர் பட்டணத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர் அந்தக் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டி, கதவு போட்டு, நின்று எரிய ஒரு நிலைவிளக்கும் கொடுத்தார். அவ்வளவுதான் செய்தி. வந்தான், சம்பாதித்தான், விளக்குக் கொடுத்தான், ஊர்ப்பெயரைச் சேர்த்துத் தன் பெயரை வெட்டினான். நம்பிக்கும் தேவகோட்டை 'ப்ப'வுக்கும் நடுவில் எழுநூறு வருடம். ஒருவர் எண்ணெய்க்கு வழி செய்தார், மற்றவர் ஸ்விட்சுக்கு. நம்பியின் பெயர் உடையவில்லை, அது அவர் அதிர்ஷ்டம்.

எங்களால் முடிந்ததைத் தொடங்கியிருக்கிறோம். சங்கம் என்று பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் தலைவர் யார், செயலாளர் யார் என்று ஆறு மாதம் போய்விடும். ஒரு நீள நோட்டு, கட்டட வரைபடத் தாள் ஒரு சுருள், கரித்துண்டு. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் ஒரு பலகையைக் கழுவுவார்கள், தாளை மேலே விரித்து நான்கு மூலையிலும் தேங்காய் வைத்து அழுத்துவார்கள், கரித்துண்டைப் படுக்கவைத்துத் தேய்ப்பார்கள். லூஸும் பே மவுங் டின்னும் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனாலும் எழுத்து வெள்ளையாக எழும்பி வரும்போது பிள்ளைகள் போடும் சத்தத்துக்கு அர்ச்சகர் உள்ளேயிருந்து வந்து அதட்டிவிட்டுப் போவார். இதுவரை முப்பத்தொரு பலகை. பதினொன்றில் பெயர் முழுசாக இருக்கிறது. ஒன்று தலைகீழாகப் பதித்திருந்ததால் தேயாமல் புதிதாக இருந்தது. கொத்தனாருக்குத் தமிழ் தெரியாமல் போனதுதான் அதைக் காப்பாற்றியிருக்கிறது.

கணக்கர் ஐயா இப்போது சமாதானமாகிவிட்டார். 1932 என்றால் அவர் அப்பா கோயிலுக்கு வந்துபோன காலம். 'ப்ப' யாராக இருக்கும் என்று தினமும் ஒரு பெயர் சொல்கிறார். நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

சென்ற ஞாயிறு, முன்பு பர்மிய எழுத்தா என்று கேட்ட அதே பையன் ஒரு படியை முடித்துவிட்டு, தாளின் கீழே தன் பெயரை எழுதினான். வீட்டுப் பெயர், பக்கத்தில் அட்டைப் பெயர். அதற்கும் கீழே, புதிதாகக் கற்ற குறியை வால் கொஞ்சம் நீட்டி வரைந்து, விசுவாவசு ௵ என்று தேதியும் போட்டான். பக்கத்தில் 2025 என்றும் எழுதச் சொன்னேன்.